நான் நட்ட மரமும் காணாத குருவியும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பா அம்மா படத்துக்குக் கீழே, ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ தொங்குகிறது. 1983-ஆம் வருஷம், பூஜா விடுமுறையில் எடுத்தது. அப்போது நான் மதுரையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளன்; கூடவே நாட்டு நலப்பணித் திட்டத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். பழனி மலையில், பூம்பாறைக்கு மேலே ஒரு சரிவில் பத்து நாள் முகாம். போட்டோவில் நாற்பது பையன்கள் மண்வெட்டியும் கையுமாக நிற்கிறார்கள். நடுவில், பெல்பாட்டம் போட்டுக்கொண்டு, தலை நிறைய முடியோடு நான். எங்கள் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல். ஒரு மரம் கிடையாது. 'மொட்டை மலை' என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த மொட்டைக்கு முடி முளைக்க வைக்கப் போனவர்கள் நாங்கள். பத்து நாளில் நாலாயிரம் வாட்டில் கன்றுகள் நட்டோம்.

நாற்பது வருஷமாக வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தப் போட்டோவைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். இந்தச் சித்திரைக்குப் பிறகு அப்படிக் காட்ட முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாற்பது பேரில் ஒருவன் இப்போது வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, கழுத்தில் பைனாகுலர் மாட்டிக்கொண்டு திரிகிறான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் சாமநத்தம் கண்மாய்க் கரையில்தான் இருப்பான். ஏப்ரல் கடைசியில், "சார், மதுரையில வெயிலு மண்டையைப் பொளக்குது. வாங்க, கொடைக்கானல்ல மூணு நாள் குருவி பாத்துட்டு வருவோம். நம்ம நட்ட மரத்தையும் பாக்கலாம்" என்றான். எழுபத்தேழு வயதில் இப்படி யார் கூப்பிடுகிறார்கள்! முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இ-பாஸ் எல்லாம் அவனே போனில் எடுத்துவிட்டான். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். நம்மவர்கள் இதைத் திட்டுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. வெள்ளி அருவி முன்னால் அரை மணி நேரம் புகையைக் குடித்துக்கொண்டு நின்றபோது, இந்த வரம்பும் போதாது என்றே தோன்றியது.

மறுநாள் விடிகாலை ஊருக்குள்ளேயே இருக்கும் பாம்பே சோலைக்குப் போனோம். நான் பறவைக்காரன் இல்லை. காக்கை, குருவி, மைனா, மாடியில் வந்து சண்டை போடும் தவிட்டுக்குருவி, இவ்வளவுதான் என் ஞானம். அங்கே அரை மணி நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பாசி படிந்த மரமும் ஈரவாடையும்தான். பிறகு யாரோ விட்டேற்றியாகச் சீட்டி அடித்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். "சீகாரப் பூங்குருவி சார்" என்றான். சினிமாப் பாட்டின் முதலடி மட்டும் தெரிந்த ஆள் அதையே திரும்பத் திரும்பச் சீட்டியடிப்பான் பாருங்கள், அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. உடம்பெல்லாம் ஆரஞ்சு, தலையும் இறக்கையும் கறுப்பு என்று ஒரு பொடிக் குருவி, தரையை ஒட்டிய புதரில். அவுரி நீலத்தில் நீலகிரி ஈப்பிடிப்பான். மேலே கிளையில் நீலகிரிக் காட்டுப்புறா. பிறகு கலகலவென்று ஊரைக் கூட்டும் ஒரு கூட்டம். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. "இதுதான் சார் பழனிச் சிரிப்பான். நம்ம வீட்டுத் தவிட்டுக்குருவிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்" என்றான். கத்துவதைக் கேட்டாலே உறவு தெரிந்தது.

இந்தப் பறவைக்கும் மதுரைக்கும் ஒரு தொடர்பு உண்டு. மதுரையில் 1834-இல் வந்து இறங்கிய அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதற்குப் பயந்து 1845-இல் மலையேறிப் போய்க் கட்டிய பங்களாக்களில் தொடங்கியதுதான் கொடைக்கானல். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சுதான் 1863-இல் அந்த ஏரியை உண்டாக்கினார். அகமது நகர்ப் பக்கம் ஊழியம் செய்த ஃபேர்பேங்க் என்ற இன்னொரு அமெரிக்கப் பாதிரியார் பறவைப் பித்தர். அவர் கொடைக்கானலில் சேகரித்துக் கொடுத்த மாதிரியை வைத்து 1869-இல் இந்தச் சிரிப்பானுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அன்று கடைசியாகப் பார்த்தது சோலைக்கிளி. பெயர்தான் கிளி, கருநீல முதுகும் வெள்ளை வயிறுமாக ஒரு கூச்ச சுபாவக் குருவி. நிழலை விட்டு வெளியே வராது. ஆங்கிலத்திலும் இப்போது 'சோலாகிலி' என்றே எழுதுகிறார்களாம். 2017-இல் மரபணுவை ஆராய்ந்து, இந்தச் சோலைக்கிளிகளும் சிரிப்பான்களும் உலகத்தில் வேறு எங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று கண்டுபிடித்தார்கள். நீலகிரியில் இருப்பது ஒரு இனம், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி, ஆனைமலையில் இருப்பது வேறு இனம். கணவாய் அகலம் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்தான். நாம் பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கடந்துவிடும் தூரம். அந்தக் குருவிகளோ லட்சக்கணக்கான வருஷமாக அதைத் தாண்டவில்லை. அவற்றுக்கு மலையுச்சி என்பது தீவு. கீழே கிடக்கும் நம் சமவெளி கடல். அறுபது வருஷமாக மதுரையில் குடியிருக்கிற நான், ஒரு குருவியின் கணக்கில் கடலுக்கு அடியில் இருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டாம் நாள் எங்கள் மரத்தைப் பார்க்கப் போனோம்.

பூம்பாறையில் வண்டியை நிறுத்தி, குழந்தை வேலப்பரைக் கும்பிட்டு, மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு மேலே போனோம். இடம் பிடிபடவில்லை. முகாம் போட்ட ஓடைக் கரை தெரிந்தது, ஓடையில் தண்ணீர் இல்லை. சித்திரையில் அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். போட்டோவை அவன் போனில் வைத்திருந்தான். அதில் தெரியும் மலை விளிம்பை எதிரே வைத்துப் பார்த்து, பார்த்து, கடைசியில் கண்டுபிடித்தோம். புல் இருந்த இடம் முழுக்க வாட்டில். சீகை என்றும் சொல்வார்கள். ஆள் நுழைய முடியாத நெருக்கம். நாங்கள் நட்டது நாலாயிரம். அது விதை போட்டு, வேர் விட்டு, எங்களைக் கேட்காமலே நாற்பது மடங்காகப் பெருகியிருக்கிறது. வணிகவியல் வாத்தியாருக்கு இதைவிட நல்ல கூட்டு வட்டி உதாரணம் கிடைக்காது.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக்கூடாது. "பாத்தியாடா, எப்படி வளந்திருக்கு!" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"சார், நேத்து நாம பாத்ததெல்லாம் சோலைப் பறவை. அதுக எப்படியோ பொழச்சுக்கிட்டு இருக்கு. புல்வெளிப் பறவைன்னு ஒண்ணு இருக்கு. நீலகிரி நெட்டைக்காலி. உயர்ந்த மலையில, தொறந்த புல்லுல மட்டும்தான் இருக்கும். தரையிலதான் கூடு கட்டும். பழைய புத்தகத்துல பழனி மலையும் அதோட ஊருன்னு போட்டிருக்கு. எட்டு வருஷமா இந்தப் பக்கம் தேடுறேன். என் கண்ணுல இன்னும் படல."

அப்போதுதான் அந்தப் பெரியவர் ஞாபகம் வந்தார்.

1983-இல், முகாமின் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். கம்பளியைத் தலையில் போட்டிருந்தார். பையன்கள் குழி தோண்டுவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்தார். "சாமி, மரம் வேணுமின்னா அந்தா பள்ளத்துல சோலை இருக்கு. அது இருக்க வேண்டிய எடத்துல இருக்கு. இங்க எதுக்குங்க?" என்று கேட்டார். நான் சிரித்தேன். "பெரியவரே, மரம் இருந்தாத்தான் மழை வரும். சும்மா கிடக்கிற இடம்தானே!" என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பையன்கள் கைதட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் எருமைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பாடம் சொன்னோம் என்று ராத்திரி முகாமில் பேசிச் சிரித்தது கூட நினைவிருக்கிறது.

அவர் சொன்னதுதான் அந்த மலையின் இயல்பு. பள்ள மடிப்புகளில் சோலை, மேட்டுச் சரிவுகளில் புல். இரண்டும் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். மரம் வெட்டிப் போனதால் மொட்டையான மலை அல்ல அது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இந்தப் புல்லைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். தோல் பதனிட வாட்டில் பட்டை, ரேயானுக்கும் காகிதத்துக்கும் மரக்கூழ் என்று தேவை வந்தபோது, சுதந்திரத்துக்குப் பிறகும் அதே ஏட்டைப் புரட்டித் தைலம், வாட்டில், பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு! ஒரு கம்பெனியின் சொத்தில் அவ்வளவு காணாமல் போனால் தணிக்கையாளர் சும்மா விடுவாரா? இங்கே யாரும் கேட்கவில்லை. காரணம், கணக்குப் புத்தகத்தில் புல்வெளி என்று ஒரு தலைப்பே கிடையாது. நட்ட மரம் மட்டும் வரவில் ஏறியது. போன புல் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

"குருவிக்காக இவ்வளவு புலம்பலா?" என்று என் தம்பி கேட்டான். குருவிக்காகவே புலம்பலாம், தப்பில்லை. ஆனாலும் மதுரைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊட்டிக்குப் பக்கத்தில் கிளென்மார்கன் என்ற இடத்தில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றதில் தைல மரம் நட்டுப் பல வருஷம் அளந்தார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட பக்கத்தில் தண்ணீர் வரத்துச் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி அது மறுபடி தழைத்த அடுத்த சுற்றில் இன்னும் அதிகம் குறைந்தது. பழனி மலையின் தெற்குச் சரிவிலிருந்து இறங்கும் வராக நதியும் மஞ்சளாறும் மருதா நதியும் எங்கே போகின்றன? வைகைக்குத்தான். நாங்கள் மலையிலிருந்து இறங்கி இரண்டு வாரத்தில் அழகர் ஆற்றில் இறங்கினார். அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில்தான். நான் சின்னப் பையனாக யானைக்கல் பக்கம் பார்த்த வைகை வேறு. அது வற்றியதற்கு என் நாலாயிரம் கன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். அந்த அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. மணலும் போர்வெல்லும் சாக்கடையும் இருக்கின்றன. ஆனால் 'மரம் வைத்தேன், மழை வந்தது' என்று இனி மார்தட்ட முடியாது.

சரி, எல்லா வாட்டிலையும் வெட்டி எறிந்துவிடலாமா? மறுநாள் வட்டக்கானல் போனபோது இதே கேள்வியைக் கேட்டேன். அது அவ்வளவு சுலபமில்லை. அங்கே பல ஆண்டுகளாகச் சோலைத் தாவரங்களைப் பேணிவரும் அறக்கட்டளைக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள்: பழைய வாட்டில், தைலத் தோப்பின் நிழலில் சில இடங்களில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. நாங்களே பார்த்தோம். அங்கே போய்ப் பொக்லைனை விட்டால் வருகிற சோலையும் போய்விடும். வெட்டிய இடத்தில் வாட்டில் விதை பத்து மடங்கு முளைக்கும். அயல் மரங்களை அகற்ற 2022-இல் அரசு கொள்கை அறிவித்திருப்பது நல்லதுதான். ஆனால் என் யோசனை வேறு வரிசையில் போகிறது: இன்னும் புல்லாக மிச்சமிருக்கிற இடத்தில் வாட்டில் கன்று தலைகாட்டும்போதே பிடுங்குவது முதல் வேலை. மன்னவனூர்ப் பக்கம் அப்படிக் கொஞ்சம் திறந்த வெளி இன்னும் இருக்கிறது. வேலிக் கம்பியில் கறுப்பு வெள்ளையாக ஒரு புதர்ச்சிட்டு உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. மரமாகிப்போன இடத்தை இடம் பார்த்து, நிதானமாகத்தான் கை வைக்க வேண்டும். கெடுப்பதற்குப் பத்து நாள் போதும், நாங்களே சாட்சி. சரி செய்யப் பத்து வருஷம் பத்தாது.

இதெல்லாம் மலைக்கதை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாதபடி, திரும்பி வந்த வாரமே எங்கள் நகரில் ஒரு தகராறு.

எங்கள் வீடு நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம். நான் வீடு கட்டிய காலத்தில் சுற்றிலும் மேய்ச்சல் வெளி. காலையில் வானம்பாடி செங்குத்தாக மேலே ஏறிப் பாடிவிட்டு, கல் விழுந்தது போலத் தரையில் இறங்கும். அதெல்லாம் பிளாட் ஆகிவிட்டது. எல்லைக் கல்லும் 'விற்பனைக்கு' பலகையும்தான். மிச்சம் இருப்பது நாலு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. கோரையும் ஊசிப்புல்லுமாகக் கிடக்கும், நாலு குடும்பத்து ஆடு மேயும், இப்போதும் இரண்டு மூன்று வானம்பாடி உண்டு. இந்த ஆடியில் அங்கே ஆயிரம் மரக்கன்று நடுவதென்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவு. 'சும்மா கிடக்கிற இடம்' என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை.

கூட்டத்தில் எழுந்து, அங்கே வேண்டாம் என்றேன். தெரு ஓரம் முழுக்க நடுங்கள், வேம்பும் புங்கனும் நடுங்கள், பள்ளிக்கூட வளாகத்தில் நடுங்கள், நான் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. "சார் இவ்வளவு நாள் மரம் நடச் சொல்லிட்டு இப்ப மரத்துக்கு எதிரா பேசுறாரு" என்று ஒருவர். இன்னொருவர், "வயசாயிட்டா இப்படித்தான்" என்றார், எனக்குக் கேட்கும்படியாகவே.

நான் மரத்துக்கு எதிரி அல்ல. இடம் பார்த்து வைத்த மரம் எவ்வளவு செய்யும் என்று தெரியும். எண்பதுகளில் சமூகக் காடு வளர்ப்பில் நம் கண்மாய்களுக்குள் நாட்டுக் கருவேலம் வைத்தார்கள். தண்ணீர் நிற்கிற கண்மாயில் அந்த மரங்களில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் போய்ப் பாருங்கள். அதே கண்மாய்களில் சீமைக் கருவேலம் புகுந்து என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பாறையும் முள்ளும் என்று நினைத்த குன்றுகளில் வல்லூறும் ராசாளிக் கழுகும் குடியிருக்கின்றன. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். அப்படியும் 2024-இல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பகுதியை ஏலம் விட்டார்கள். மேலூர் ஜனங்கள் திரண்டு நின்ற பிறகு 2025 ஜனவரியில்தான் ரத்து செய்தார்கள். யாருக்கோ அதுவும் சும்மா கிடக்கிற இடமாகத்தான் தெரிந்திருக்கிறது.

எங்கள் நாலு ஏக்கருக்கு மேலூர்க் கூட்டம் வராது. நான், ஆட்டுக்காரர்கள், என் மாணவன், இவ்வளவுதான். வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். அவன் ஒரு மாதமாக அங்கே பார்த்த பறவைகளை எழுதிக் கொண்டுவருகிறான். வானம்பாடி தரையில் கூடு வைத்திருக்கிற இடத்துக்கு அடையாளமும் போட்டிருக்கிறான். நான் கூடத்துப் போட்டோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். அந்தப் புல்லைக் காட்டி, போனில் இப்போது எடுத்த படத்தையும் காட்டி, அந்தப் பெரியவர் கேட்டதையும் நான் சிரித்ததையும் சொல்லிவிடுவது. ஒத்துக்கொள்வார்களா, தெரியாது. 1983-இல் யாராவது என்னிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா என்பதும் சந்தேகம்தான்.

ஆணியிலிருந்து படத்தை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, கூட்டம் முடிஞ்சதும் பத்திரமா கொண்டாந்து மாட்டிருங்க. தலை நிறைய முடியோட உங்களுக்கு இந்த வீட்டுல இருக்கிறது அந்த ஒரு படம்தான்."